கைப்பிடியில் துண்டு

குளியலறைக் கைப்பிடியில் நீலத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் பூட்டுக்காரர் வெளியே நின்று காத்திருந்தார்.

அந்த வீட்டு வழக்கம் அது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்லீரல் மாற்றிவைத்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "உள்ளே மயங்கி விழுந்தீங்கன்னா என்னால கதவை உடைச்சுக்கிட்டு நிக்க முடியாது. முதல்ல அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டுங்க." ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டிக்கொடுத்த மனுஷர் தன் வீட்டுத் தாழ்ப்பாளைத் தானே திருகிக் கழற்றினார். கதவில் நான்கு ஓட்டைகள் மிஞ்சின. தாழ்ப்பாளுக்குப் பதில் துண்டு வந்தது. துண்டு தொங்கினால் உள்ளே ஆள்; இல்லாவிட்டால் காலி.

அடிவயிறு முறுக்க, கால் மாற்றிக் கால் ஊன்றி நின்றவர், "கொஞ்சம் சீக்கிரம்மா," என்று கதவிடம் கெஞ்சவும் செய்தார். உள்ளே தண்ணீர் சொட்டியது. யாரோ அலுப்பாகப் பெருமூச்சு விட்டார்கள். அப்புறம்தான் உறைத்தது. மனைவி காலையிலேயே வேலைக்குப் போயாகிவிட்டது. வீட்டில் இருப்பது அவர் ஒருத்தர்தான்.

கதவைத் தள்ளினார். காலி. ஆனால் உட்கார்ந்தபோது இருக்கை சூடாக இருந்தது. ஒருத்தர் இப்போதுதான் எழுந்து இடம்விட்ட மாதிரி.

ஜன்னல் வெயில் பட்டிருக்கும், துண்டை நேற்றே எடுக்க மறந்திருப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பயப்படக்கூட ஒரு தெம்பு வேண்டுமே. எழுந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தண்ணீரைத் திறந்தார். திருப்பினால் என்ன, கடைக்கண்ணுக்குச் சிவப்பு தெரியாமலா போகும்?

ஆஸ்பத்திரி நர்ஸ் போன் போடும்போதெல்லாம் அதையேதான் கேட்பாள். "கல்லீரல் அருமையா வேலை செய்யுது சார். வயிறு எப்படி? உங்களுக்கு முதல்ல வந்தது பித்தக்குழாய் வியாதி. அது வந்தவங்களுக்குக் கல்லீரல் மாத்தின பிறகும் குடல்ல புண் வரலாம். ரத்தம் பட்டுச்சுன்னா மறைக்காதீங்க. சீக்கிரம் பார்த்தா மருந்து இருக்கு."

"நல்லாத்தாம்மா போகுது."

மனைவி கேட்டாலும் அதே பல்லவி. "ஒண்ணுமில்லை. நல்லா இருக்கேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். கல்லீரலை வெட்டிக் கொடுத்தவன் அவன்தான். செருப்பைக் கழற்றும்போதே, "நான் பாதியாத்தான் வந்திருக்கேன் அண்ணி. மீதி ஏற்கெனவே உங்க வீட்டுலதான் குடியிருக்கு, வாடகைகூடத் தராம!" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! ஆஸ்பத்திரி இரும்பு நாற்காலியில் மாதக்கணக்காக உட்கார்ந்தே தூங்கியவள். அவள் கழுத்து இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தேதான் நிற்கிறது. அவளை மறுபடி அந்த நாற்காலிக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. மனசு என்ன மனசு, அலுப்பு. 'ரத்தம் போகுது' என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பின்னாலேயே வரப்போகும் ஊசிகளும் குழாய்களும் காத்திருப்பு அறைகளும்.

அடுத்த நாள் மறுபடி துண்டு தொங்கியது.

இந்தத் தடவை அவர் கெஞ்சவில்லை. மூச்சை அடக்கிக் கதவில் காதை வைத்தார். ஈரச் சுவரின் வாடையும், அதற்கு அடியில் பழைய சாவியில் கைபட்டால் வருமே அந்தத் துரு வாடையும் கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்தன. உள்ளே ஒரு குரல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல... நல்லா... நல்லா இருக்கேன்."

அவருடைய குரல். சாவியை அராவி, பூட்டில் போட்டுப் பார்த்து, சேராமல் மறுபடி அராவுகிறவன் மாதிரி அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் கரகரப்பு கொஞ்சம் குறைந்தது.

அவர் உள்ளே போகவில்லை. பக்கத்துப் பெட்ரோல் பங்க் கழிவறைக்கு ஓடினார். திரும்பி வந்து கூடத்து நாற்காலியில் சாய்ந்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். போதும். இன்றைக்கு அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான். ஆஸ்பத்திரி நாற்காலியோ கட்டிலோ, வருவது வரட்டும்.

அவள் வரும் நேரம் நெருங்கியது. வெளிச்சம் மங்கியது. வயிறு மறுபடி இழுத்தது. இந்த வலி வேறு மாதிரி. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கைப்பிடியில் துண்டு இல்லை. கொடியிலிருந்து உருவித் தன் கையாலேயே அதைத் தொங்கவிட்டார். வெளிச்சுவரில் இருந்த விளக்கு ஸ்விட்சைத் தட்டி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

இருக்கை சில்லென்று இருந்தது. நல்லவேளை, என்று நினைத்தார்.

பிறகு ரத்தம் நிற்காமல் போயிற்று. சூடாக. முகத்தைத் திருப்பவும் முடியவில்லை. கண் இருட்டி, தோள் சுவரில் உரசி, கன்னம் தரையில் பட்டது. பரவாயில்லை. தாழ்ப்பாள் கிடையாது. துண்டு வெளியே தொங்குகிறது. வந்துவிடுவாள்.

வாசல் பூட்டு திறந்தது. அவர் மாட்டிய பூட்டு. அந்த ஓசை அவருக்குத் தெரியாதா? அவள் செருப்புச் சத்தம். கூப்பிட வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை.

கூடத்திலிருந்து வந்தது.

"வந்துட்டியா?"

"அப்பாடா, காலு ரெண்டும் கழண்டு விழுந்துடும் போல இருக்கு. வயிறு எப்படிங்க?"

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்கேன்."

பிசிறில்லை. சாவி சேர்ந்துவிட்டது.

"அட, முகம்கூடத் தெளிஞ்சிருக்கே! கன்னத்துல சதை போட்டுடுச்சு. உங்க தம்பி பார்த்தா வாடகை கேப்பாரு."

சிரித்தாள். அதே சிரிப்பு. பிறகு நிறுத்தினாள்.

"துண்டு தொங்குதே. உள்ளே யாரு?"

கையை நீட்டினார். நகம் கதவில் பட்டது. கீறினார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"யாருமில்லை. நான்தான் எடுக்க மறந்துட்டேன்."

வெறுங்கால்கள் நடந்து வந்தன. ஈரக் கால்கள். கதவுக்கு வெளியே நின்றன. துண்டு உருவப்பட்டது. அந்த நான்கு ஓட்டைகளுக்கு நேரே, தாழ்ப்பாளே இல்லாத இடத்தில், தாழ்ப்பாள் விழுந்தது.

விளக்கு அணைந்தது.

"லைட்டும் எரிஞ்சுதா? நல்லா மறந்தீங்க, போங்க. வாங்க, வந்து உக்காருங்க."

"நீ போ, வரேன்."

கதவின் அடியில் கூடத்து வெளிச்சம் மெல்லிய கோடாகக் கிடந்தது. கோட்டை மறித்து இரண்டு கால்கள். வலது பெருவிரலில் நகம் இல்லை. எப்போதோ பெட்டகக் கதவு விழுந்து அவருக்குப் போன நகம் அது.

அந்தக் கால்கள் நகரவில்லை. கீறல் சத்தம் நிற்கும்வரை அங்கேயே நின்றன.