காலி அறையின் எடை

ஆளில்லாத அறை ஐம்பத்தெட்டு கிலோ என்றது.

புரோகிராமர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். குளிர் கிடங்கின் கடைசி அறை அது. சரக்கையெல்லாம் வெளியேற்றிக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். தரைக்கடியில் எடைக்கருவி. அது சொல்கிற எடையை ஒரு கேபிள் வெளியே இருக்கிற கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டுக்குக் கொண்டுவரும். அதைப் படித்து, உள்ளே ஆள் நின்றால் கதவுப் பூட்டு விழாமல் தடுப்பதுதான் இவன் எழுதிய மென்பொருளின் வேலை. வீட்டில் சோதித்தபோது தங்கமாக ஓடியது. இங்கே வந்ததும் சண்டித்தனம் பண்ணியது. கேபிளை மாற்றினான், போர்ட்டை மாற்றினான், கருவியை அணைத்துப் போட்டான். ஐம்பத்தெட்டு இம்மியும் நகரவில்லை.

"என்ன மாப்ள, அதையே மொறைச்சுக்கிட்டு இருக்க?" என்றார் அத்தான். அக்காவின் கணவர், இந்தக் கிடங்கின் சூப்பர்வைசர், இவனுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர்.

"காலி ரூம் கனமா இருக்கு அத்தான்."

அத்தான் சிரிக்கவில்லை. துக்க வீட்டில்கூட ஜோக் அடித்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதர்! போன வருஷம், உள்ளே ஒரு லோடுமேன் இருப்பது தெரியாமல் இந்த அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர் அவர்தான். மறுநாள் விறைத்த உடம்பைத்தான் வெளியே எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் எடைக்கருவி, மென்பொருள் எல்லாம் வந்தன. நாளைக்கு அதிகாரிகள் சோதிக்க வருகிறார்கள். இது ஓடவில்லையென்றால் அத்தானின் வேலை போய்விடும்.

"எதையாவது பண்ணி சரி பண்ணுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

இவனும் எதையாவதுதான் பண்ணினான். வருகிற எண்ணில் ஐம்பத்தெட்டைக் கழி என்று ஒரு வரி எழுதினான். பிசாசே வந்து நின்றாலும் அதற்கும் ஒரு கழித்தல் குறி போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற கூட்டம் இந்தக் கோடிங் கூட்டம். பனி படிந்து எடை ஏறுமே என்று, பதினைந்து கிலோவுக்குக் கீழே இருந்தால் அறை காலி என்றும் ஒரு வரி சேர்த்தான். திரையில் பூஜ்யம் வந்தது.

கடைசிச் சோதனைக்கு ஓர் ஆள் உள்ளே போய் நிற்க வேண்டும். அத்தான் அந்த வாசலை மிதிக்க மாட்டார். இவன் செல்போனை மேசைமேல் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு தானே போனான். கதவின் உள்பக்கக் கைப்பிடியைப் புதுப் பூட்டுக்காகக் கழற்றியிருந்தார்கள். நாளைக்குத்தான் மாட்டுவார்களாம்; பூட்டு விழாதவரை தள்ளினால் திறக்கும். என் மென்பொருள் இருக்கும்போது கைப்பிடி எதற்கு என்று காலையில் பெருமையடித்துக்கொண்டவனும் இவன்தான்.

கதவு மூடியது. பூட்டு விழவில்லை. சுவரிலிருந்த டிஸ்ப்ளே சிவப்பாக எழுபது காட்டியது. இவனுடைய எடை எழுபது கிலோ. அப்பாடா என்றிருந்தது.

விசிறிகளின் ஒரே சீரான இரைச்சலுக்கு அடியில், ஈர இரும்பின் வாடைக்கும் சோப்புத் தண்ணீரின் வாடைக்கும் நடுவே, நாள்பட்ட வியர்வைச் சட்டையின் நெடி ஒன்று இழையாக வந்தது. கழுவித் துடைத்த அறையில் இது எங்கிருந்து என்று இவன் மூலை மூலையாகப் பார்த்தான், வெளிச்சம் எட்டாத சாம்பல் இருட்டைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை, ஆனால் நெடுநேரம் நின்று களைத்த ஒருவர் கால் மாற்றி நிற்பதுபோல, எதிர்ச் சுவரோரம் தரைத்தகடு ஒன்று மெல்ல முனகியது. இவன் நின்ற தகடு அல்ல அது.

சுவரிலிருந்த இன்டர்காம் பொத்தானை அமுக்கினான். "போதும் அத்தான். வெளிய வரேன்."

"வா மாப்ள, வா."

அடுத்த தகடு முனகியது. அதற்கடுத்தது. பக்கத்தில். இவன் தோளை உரசிக்கொண்டு ஒரு குளிர் கடந்து போனது. இவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். கதவு திறந்தது. இவன் அதைத் தொடவில்லை.

கதவு மூடிக்கொண்டது.

டிஸ்ப்ளேயில் பன்னிரண்டு.

எழுபதில் ஐம்பத்தெட்டு போனால் பன்னிரண்டு. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. காலையிலிருந்து அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே நின்றிருந்த ஐம்பத்தெட்டு கிலோ இப்போது வெளியே போய்விட்டது. பதினைந்துக்குக் கீழே என்றால் அறை காலி.

டக்கென்று பூட்டு விழுந்தது. விசிறிகள் வேகமெடுத்தன.

இன்டர்காமில் அத்தானின் குரல், சந்தோஷமாக. "வந்துட்டியா! பூட்டும் கரெக்டா விழுந்துடுச்சு பாரு. என்னடா, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

பொத்தானை உடைந்துவிடும்படி அமுக்கினான்.

"அத்தான்! நான் உள்ள இருக்கேன்! அத்தான்!"

"ஏதோ சத்தம் கேக்குதே மாப்ள?"

"ஃபேன் சத்தம் அத்தான்."

இவனுடைய குரல். அப்படியே இவனுடைய குரல்.

"அதானே! சரி வா, உங்கக்கா சமைச்சு வச்சுட்டு வாசலையே பாத்துட்டு இருப்பா. புள்ளைங்க வேற மாமா எங்க, மாமா எங்கன்னு என் உயிரை வாங்குதுங்க."

ஐயோ, பிள்ளைகள்!

கதவை அடித்தான். தோளால் மோதினான். கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள். விரலை விட்டு நெம்பினான். நகம் பெயர்ந்தது. கதவின் வட்டக் கண்ணாடியில் பனி. துடைத்தான். மறுபடி பனி. துடைத்தான்.

வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கடைசி விளக்கின் கீழே இரண்டு முதுகுகள். ஒன்று அத்தானுடையது. இன்னொன்றின் தோளில் இவனுடைய லேப்டாப் பை தொங்கியது. அத்தான் அதன் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்து, சூடேறட்டும் என்று தேய்த்துத் தேய்த்து விட்டபடியே, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.