மூன்றாம் வரிசையில் ஜெஸ்பின்

நாகர்கோவிலின் அந்தப் பழைய தியேட்டருக்கு நேசபாய் வந்ததே லீமாவின் தொல்லை தாங்காமல்தான். இருவரும் இரணியல் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆங்கில ஆசிரியைகள். லண்டனில் ஒரு பழைய சோக நாடகம் மேடையில் நடக்க நடக்க, அதை அப்படியே இங்கே திரையில் காட்டுகிறார்கள் என்று லீமா டிக்கெட் எடுத்து வைத்துவிட்டாள். அங்கே மதியம். இங்கே சாயங்காலம், விடாத மழை.

"வீட்டுக்குள்ளேயே கெடந்தா எப்பிடி டீச்சரே? கொஞ்ச நேரம் வேற எதையாவது பாருங்க."

நேசபாய் சரி என்றாள். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவதுதான் அவளுக்கு எளிதாக இருந்தது.

அவளுடைய ஒரே மகள் ஜெஸ்பின் லண்டனில் நர்சாக இருந்தாள். போன குளிர்காலத்தில் வேலை முடிந்து நடந்து வந்தவள்மீது ஒரு வண்டி மோதிவிட்டது. ஊருக்குப் பெட்டிதான் வந்தது, முத்திரை வைத்த பெட்டி. பார்க்கிற நிலையில் இல்லை, திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கும் நேசபாய் சரி என்றாள். கல்லறையில் இறக்கும்போது அவள் அழவில்லை. பிறகும் அழவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

தியேட்டரில் கூட்டமே இல்லை. ஈரம் ஏறிய இருக்கைகள் பழைய பஞ்சு நாற்றம் அடித்தன. ஏசி காற்று கணுக்காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. விளக்குகள் அணைந்ததும் திரையில் லண்டன் அரங்கம் விரிந்தது. நாடகம் தொடங்க நேரம் இருந்ததால், கேமரா அங்கே வந்திருந்தவர்களின் மேல் மெல்ல நகர்ந்தது. கோட்டைக் கழற்றும் கிழவர், சிரிக்கும் இரண்டு பெண்கள், கண்ணாடியைத் துடைக்கும் ஒருவர்.

மூன்றாம் வரிசையில், நீல ஸ்வெட்டரில், ஜெஸ்பின்.

வழக்கம்போலக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மகளின் சாயலில் யாரோ ஒரு பிள்ளை என்றுதான் நேசபாய் நினைத்தாள். ஆனால் லீமாவின் நகங்கள் அவள் மணிக்கட்டில் பதிந்தன.

"டீச்சரே, அது நம்ம ஜெஸ்பின்லா?"

"பாத்தேன்."

நேசபாய் தன் நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தாள். படபடக்கவில்லை.

நாடகம் தொடங்கியது. போருக்குப் போன மகனுக்காக ஒரு ராணி காத்திருக்கிறாள். கறுப்பு உடுத்த பெண்கள் அவளைச் சுற்றி நின்று ஒரே குரலில் புலம்புகிறார்கள். அவர்கள் பேசுவது திரையின் அடியில் ஆங்கில எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மகனின் உடலை வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டுவரும் செய்தியோடு இடைவேளை வந்தது.

கேமரா மறுபடியும் பார்வையாளர் பக்கம் திரும்பியது. மூன்றாம் வரிசையில் அந்த இருக்கை காலியாக இருந்தது. அதன் முதுகில் நீல ஸ்வெட்டர் மட்டும் தொங்கியது.

"போவலாம் டீச்சரே. எனக்குப் பேடியா இருக்கு," என்று லீமா கிசுகிசுத்தாள்.

"நீ வேணும்னா போ மக்களே. நான் முடிஞ்ச பெறவு வாறேன்."

லீமாவுக்குத் தனியாக வெளியே போகவும் பயம். கால்களை இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

திரும்பவும் இருட்டியபோது பஞ்சு நாற்றம் போயிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவின் வாடை, டெட்டாலும் ஈரத் துணியும் கலந்த வாடை, எங்கிருந்தோ வந்தது. மேடைக்கு உடலைத் தூக்கி வந்தார்கள். முகத்தைப் பார்க்காதே என்று எல்லோரும் ராணியைத் தடுத்தார்கள். அவள் கேட்கவில்லை. முட்டி போட்டாள். துணியின் நுனியைப் பிடித்தாள்.

லீமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

துணி விலகியது.

திரை நிறைய ஜெஸ்பினின் முகம்.

கண்கள் மூடியிருந்தன. புலம்பிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். தியேட்டரில் யாரும் இருமக்கூட இல்லை.

கண்கள் திறந்தன. அவை ராணியைப் பார்க்கவில்லை. கேமராவையே பார்த்தன.

உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அடியில் எழுத்து வந்தது. ஆங்கிலத்தில் இல்லை, தமிழில்.

அம்மா, நீ ஏன் திறந்து பாக்கல?

நேசபாய் வாயைத் திறந்தாள். அதற்குள் ராணி பெருங்குரலெடுத்து அழுதாள். கேமரா மாறியபோது துணிக்கடியில் கிடந்தது மஞ்சள் முடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பையன். முடிவில் அவனும் எழுந்து வந்து தலை வணங்கினான். அரங்கம் கைதட்டியது. நீண்ட நேரம் தட்டியது.

வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றபோது லீமா கேட்டாள்.

"கடைசியில என்ன டீச்சரே பாத்தீங்க?"

"மொகம் நல்லாத்தான் இருந்துது," என்றாள் நேசபாய். "ஒரு கீறலும் இல்ல."

லீமா அழுதாள். நேசபாய் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பேருந்து பிடித்து வீடு வந்தாள்.

கதவு சாத்தாமல் இருந்தது. கணவர் செல்வதாஸ் சாப்பாட்டு மேசையருகே விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். முன்னால் அவருடைய ஃபோன். திரை எரிந்துகொண்டிருந்தது.

"ஜெஸ்பினுக்க நம்பர்லேர்ந்து அழைப்பு வந்துது," என்றார். "நம்ம கட் பண்ணிப்போட்ட நம்பர். எடுத்தேன். யாரும் பேசல. கொறே ஆளுவ கைதட்டுத சத்தம் மட்டும் கேட்டுது. நான் வெக்கல. அங்கயும் இன்னும் வெக்கல."

நேசபாய் ஈரச் செருப்போடு போய் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். கைதட்டல் முடிந்திருந்தது. மடக்கு இருக்கைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் ஓசை. யாரோ விலகிப் போகும் காலடிகள். பிறகு ஒன்றுமில்லை. ஒரே ஒரு மூச்சு மட்டும், மிகப் பக்கத்தில்.

"மக்களே," என்று மகளைக் கூப்பிட்டாள்.

மூச்சு நின்றது.

அப்போது வீட்டுக்குப் பின்னால் நாகர்கோவில் போகிற ரயில் வந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. நீளமாக ஒருமுறை ஊதிவிட்டுக் கடந்தது.

செல்வதாஸ் மெதுவாக எழுந்து நின்றார். அவருக்கும் கேட்டது.

ஃபோனுக்குள்ளும் அதே ரயில் ஊதிக்கொண்டு போனது.