வேட்டைச் சித்திர நாற்காலி

"எங்க மச்சான் அப்படிப்பட்டவர் இல்லீங்க. இன்னைக்கு கேஸ் போட்டுட்டா பாஸ்போர்ட் முடங்கிடும், கத்தார்ல கிடைச்ச வேலையும் போயிடும்." பெரம்பலூர் ஆபீஸில் நஜீமா சொன்னாள். துப்பறிவாளர் அமிர்தவல்லி நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்க, உதவியாளர் அபிநயா அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டாள்.

ஆண்டிமடம் பக்கத்து ஜமீன் மாளிகைக்கென்றே அந்தக் காலத்தில் செய்த நாற்காலி அது. இருக்கையிலும் சாய்விலும் மான் வேட்டைச் சித்திரத்தைக் கையால் நெய்த விலையுயர்ந்த துணி. கால் உடைந்ததென்று போன வாரம், நஜீமா மச்சான் என்றழைக்கும் அவள் கணவன் அன்சாரின் குஷன் கடைக்கு வந்தது. திரும்பிப் போன பிறகு, விலை பேச வந்தவர் துணியைத் தடவிப் பார்த்து, மெஷினில் நெய்த போலி என்று சொல்லிவிட்டார். அசல் துணியை மாற்றிவிட்டதாகப் பழி அன்சார் தலையில் விழுந்தது.

மாளிகைக் கூடத்தில் அன்சார் இரண்டு போலீசாருக்கு நடுவே நின்றான். அவன் முகத்தைப் பார்க்கவே நஜீமாவுக்குத் தைரியம் வரவில்லை. புகார் கொடுத்த பாக்யலட்சுமி சென்னையிலிருந்து வந்திருந்த உரிமைக்காரி. மாளிகையில் தங்கி அதைப் பார்த்துக்கொண்டவன் அவளுடைய அண்ணன் மகன் காசிநாதன்.

"இவன நம்பிக் குடுத்தது என் தப்பு, அத்தை" என்றான் அவன்.

அமிர்தவல்லி நாற்காலியைச் சுற்றி வந்தாள். எதிரே பெரிய ஜன்னல். வெயில் நேராக விழுந்தது. துணியின் சிவப்பு வெளுத்திருந்தது. சாய்வின் மேற்பகுதியில் மட்டும் ஒரு கட்டம் அடர்சிவப்பாக இருந்தது. பக்கத்து நாற்காலியின் சாய்வில் வெள்ளைத் துண்டு கிடந்தது.

"இந்தத் துண்டு எதுக்குங்க?"

"தல எண்ணெய் படக் கூடாதுல்ல? எங்க வூட்ல எல்லா நாற்காலிக்கும் ஒரே அளவுல உண்டு, எடுக்கவே மாட்டோம். இதுல கூட கடைக்கு அனுப்பறப்பதான் எடுத்தோம்" என்றான் காசிநாதன், பெருமை பொங்க.

"அக்கா, கடையில போய்த் தேடலாமா?" அபிநயா பரபரத்தாள்.

"வேணாம் அபி." அமிர்தவல்லி துண்டை எடுத்து வேட்டை நாற்காலியில் போட்டாள். அந்தச் சிவப்புக் கட்டத்தை அது விளிம்பு பிசகாமல் மூடியது.

"போலிதான், ஒத்துக்கறேன். ஆனா போன வாரம் கடையில மாத்தின துணின்னா, அது எப்பங்க வெளுத்துச்சு? துண்டு மூடின இடம் மட்டும் எப்படிப் பளிச்சுன்னு இருக்கு? இந்தப் போலி மாசக்கணக்கா இந்தக் கூடத்துலதான் இருந்திருக்கு. அசலை அதுக்கு முன்னாடியே யாரோ எடுத்துட்டாங்க. இந்த அம்மா நாற்காலிய விக்கப் போறாங்கன்னதும் கால உடைச்சுக் கடைக்கு அனுப்பினா, பழி போட ஆள் கிடைச்சிரும். கடைக்கு அனுப்பினது யாருங்க, காசிநாதன்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், "அத்தை..." என்று மட்டும் முனகினான்.

பாக்யலட்சுமி அவன் பக்கம் திரும்பவில்லை. "சார், புகார்ல இந்தப் பிள்ளை பேர அடிச்சிடுங்க. காசிநாதன்னு போடுங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் தூக்கி வளர்த்தவன்."

போலீசார் அன்சாரின் தோளிலிருந்து கையை எடுத்தார்கள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நஜீமா, அந்தக் கூடத்தின் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.