போடாத கையெழுத்து

"அம்மா... இதைக் கேளேன்! மத்திய வங்கிக்குத் துணைக் கவர்னரா சித்தியைப் போட்டிருக்காங்க! பேப்பர்ல போட்டோவே வந்திருக்கு!"

மலர்கொடி கூடத்திலிருந்து அடுக்களையைப் பார்த்துக் கூச்சல் போட்டாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகுதான் அகிலாண்டம் பாத்திரத்தை இறக்கி 'ணங்'கென்று தரையில் வைத்தாள்.

"அதுக்கு இப்ப என்னடி? அவ கவர்னராவே ஆகட்டும்!"

"உனக்குச் சந்தோஷமே இல்லையாம்மா?"

"ஏன் இல்ல... ரொம்பச் சந்தோஷம்! வாசல்ல வாழைமரம் கட்டச் சொல்லவா?"

மலர்கொடியின் முகம் சுண்டிப்போயிற்று. பேப்பரை அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினாள். நாகநாதன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். மைத்துனி சாவித்திரியின் பேச்சை எடுத்தாலே அவர் இப்படித்தான். பன்னிரண்டு வருஷமாக.

அகிலாண்டத்துக்குப் பதின்மூன்று வயதில் அம்மா போய்விட்டாள். தங்கை சாவித்திரிக்கு அப்போது நாலு வயது. எட்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த பெண்ணை ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று டீச்சர் வீடு தேடி வந்து கேட்டபோது, அப்பா, தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த சின்னவளைக் காட்டினார். அந்தச் சின்னவளை இடுப்பில் தூக்கி, தலை சீவி, பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபடியே வந்தவள் அகிலாண்டம். சின்னவள் சென்னைக்குப் போனாள், லண்டனுக்குப் போனாள், பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவந்து சென்னை அரசாங்கத்தில் பெரிய அதிகாரியானாள்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலம் அது. கீழ்வேளூர்ப் பக்கம் செங்கொடி ஏறாத தெரு இல்லை. போலீஸ் லாரி வராத வாரம் இல்லை. யார் யாரிடம் எவ்வளவு நிலம் மறைந்து கிடக்கிறது என்று விசாரிக்கும் பொறுப்பு சாவித்திரியிடம் வந்தது. ஒரு நாள் நாகநாதன் வெயிலில் நடந்துவந்து, "ரெண்டு வேலி நிலம் போச்சு அகிலா" என்றார். "சாவித்திரியா?" என்று அவள் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதன்பிறகு தங்கையின் கடிதம் எதற்கும் அவள் பதில் போடவில்லை. ரெண்டு வருஷம் கழித்து, சாவித்திரி பம்பாயில் மத்திய வங்கியில் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். "எங்க வயல்ல ஏறி நின்னுல்ல பம்பாய்க்குத் தாவியிருக்கா!" என்று ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள் அகிலாண்டம்.

நிலத்தைக்கூட அவள் மறந்திருப்பாள். மகளைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பம்பாயிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போகிற சித்தியைப் போலவே மலர்கொடி பூ வைக்காமல் இழுத்துப் பின்னிக்கொண்டாள். அவளைப் போலவே கைக்கடிகாரத்தை உள்பக்கமாகக் கட்டினாள். யோசிக்கும்போது அவளைப் போலவே கீழுதட்டைக் கடித்தாள். பத்து மாதம் சுமந்தவள் ஒருத்தி. பிள்ளைக்கு முகம் மட்டும் இன்னொருத்தி முகமா? அதைப் பார்க்கும்போதெல்லாம் அகிலாண்டம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சாவித்திரி வந்தாள். பதவி ஏற்குமுன் அக்காவைப் பார்க்க வேண்டுமாம். கார் நின்றதும் களத்திலிருந்து பண்ணையாள் வீரையன் ஓடிவந்து, "சின்னம்மா... நல்லாருக்கீங்களா சின்னம்மா!" என்று கும்பிட்டான். போன நிலத்தில் ஒரு பங்கு இந்த வீரையனுக்குத்தான் கிடைத்திருந்தது. இவளுக்கு மட்டும் எல்லாரும் ஓடுகிறார்கள்!

விசேஷமாக எதுவும் சமைக்கக்கூடாது என்றுதான் அகிலாண்டம் நினைத்திருந்தாள். ஆனால் காலையிலேயே கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். ஏன் வைத்தோம் என்று தன்மீதே கோபமாக வந்தது.

"அக்கா... குழம்பு அப்படியே இருக்குக்கா" என்றாள் சாவித்திரி, நரை ஓடிய தலையைக் குனிந்து சாப்பிட்டபடி. பிறகு தயங்கி, "மலருக்கு டெல்லியில எம்.ஏ. சீட்டு கிடைச்சிருக்கு. நீ சரின்னு சொன்னா..." என்றாள்.

கரண்டி சட்டியில் விழுந்தது.

"சொல்லு! என்னத்தை விட்டு வச்சே நீ? என் படிப்பை எடுத்துக்கிட்டே... என் புருஷன் நிலத்தை எடுத்துக்கிட்டே... ஊர்ல பேரெல்லாம் நீயே எடுத்துக்கிட்டே! மிச்சம் இருக்கறது இவ ஒருத்தி. இவளையும் கார்ல ஏத்திக்கிட்டுப் போயிடு! பெத்தவ இங்க பாத்திரம் தேய்ச்சுக்கிட்டுக் கிடக்கறேன்!"

"அம்மா!" என்று பதறினாள் மலர்கொடி.

"நீ பேசாதடி! அவ வயித்துல பொறக்கலேன்னு தவிக்கிறவதானே நீ!"

சாவித்திரி எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் வர்றேன்க்கா. உடம்பைப் பார்த்துக்க" என்று மட்டும் சொன்னாள். அவள் நிலைப்படியைத் தாண்டும்போதுதான் நாகநாதன் குரல் கேட்டது.

"போகாதம்மா... அகிலா, அவ எடுக்கல. நான்தான் திருடினேன்."

"அத்தான்... வேணாம். பழசெல்லாம் எதுக்கு?"

"இல்லம்மா. பன்னெண்டு வருஷமா முழுங்கிக்கிட்டே இருந்துட்டேன்." சுவரைப் பிடித்துக்கொண்டார். "சட்டம் வந்தப்ப ரெண்டு வேலி அதிகமா இருந்துச்சு. அதை வீரையன் பேருல பினாமியா எழுதினேன். அவனுக்கே தெரியாது. கூலிச் சீட்டுன்னு சொல்லி கைநாட்டு வாங்கினேன். அந்த ஃபைல் சுத்திச் சுத்தி இவ மேஜைக்கே போயிடுச்சு."

அகிலாண்டம் அவரை நோக்கி ஓரடி வைத்தாள்.

"ஒருநா மத்தியானம் வரப்புல வந்து நின்னா. 'இதுல நான் கையெழுத்துப் போட்டா உங்களை ஜெயிலுக்குக் கொண்டுபோவாங்க அத்தான். போடாம மூடி வச்சா அந்த நாற்காலிக்கு நான் லாயக்கில்ல. நீங்களே தாசில்தார்கிட்ட போயி எழுதிக் குடுத்துடுங்க'ன்னா. குடுத்தேன். ஆனா மேலதிகாரி இவளைக் கேட்டாராம், உன் வீட்டுலயே பினாமி, நீ எப்படி ஊரை விசாரிப்பேன்னு. மறுநாளே ராஜினாமா எழுதிட்டா. அப்புறம் ஒன்றரை வருஷம் திருச்சியில ஏதோ ஒரு டுடோரியல்ல பாடம் எடுத்துக்கிட்டுக் கிடந்தா... பம்பாய்க்கு இவ தாவிப் போகல அகிலா. என்னாலதான் வேலை இல்லாம நின்னு, அடிமட்டத்துல போயிச் சேர்ந்தா. நீ இவளைத் திட்டும்போதெல்லாம் நான் வாய மூடிக்கிட்டு..."

அகிலாண்டம் மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி... ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை ஏண்டி சொல்லல?"

"எனக்கு ஆபீசு இருந்துச்சு, புஸ்தகம் இருந்துச்சு, ஊர் ஊரா மனுஷங்க இருந்தாங்க. உனக்கு அத்தானை விட்டா என்னக்கா இருந்துச்சு? உன் படிப்பைத்தான் எடுத்துக்கிட்டேன். அவர் மேல நீ வச்சிருந்த மரியாதையையும் நானே வந்து எடுக்கணுமா?"

"அடிப் பாவி!" அகிலாண்டம் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். முதுகில் அடித்தாள், அடித்த கையாலேயே தடவினாள். "ஊரெல்லாம் உன்னைத் தூத்தினேனே... தெருத்தெருவாத் தூத்தினேனே!"

"அழாதக்கா..."

"ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. பொறாமை போகலடி. நீ படிச்சதை நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. பொய் சொல்ல மாட்டேன்."

"எரியட்டும்க்கா," என்றாள் சாவித்திரி, கண்ணீரோடு. "அது நியாயந்தானே. என்கிட்ட நீ அதை வாய்விட்டுச் சொல்லிட்டே. அது போதும்."

மலர்கொடி இருவருக்கும் நடுவே வந்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அகிலாண்டம் மகளின் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். தங்கையின் சாயல் அப்படியே தெரிந்தது. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"டெல்லிக்குப் போடி. நல்லாப் படி."

பிறகு உள்ளே போனாள். அரைமணி கழித்து வெளியே வந்தபோது நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"எங்க அகிலா?" என்றார் நாகநாதன் திகைத்து.

"பம்பாய்க்கு. என் தங்கச்சி பதவி ஏத்துக்கறதை நான் பாக்கணும்."

"நானும் வரட்டுமா?"

"குறுவை நெல்லு அறுப்புக்கு நிக்குது. நீங்க இருங்க. அடுத்த வீட்டு அம்சம் சோறு ஆக்கித் தருவா." வாசலில் நின்று ஒரு கணம் அவரை நேராகப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் அவரைச் சுட்டது. "நான் திரும்பி வர்றதுக்குள்ள வீரையனைக் கூப்பிட்டு, அவன் கைநாட்டை வச்சு என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயால சொல்லிடுங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னு அவனே எனக்குச் சொல்லணும்."

நாகநாதன் தலையை அசைத்தார். அவர் கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்தாள். ஆனாலும் நிற்கவில்லை.

கார் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. முன்சீட்டில் மலர்கொடி. பின்னால் சாவித்திரி, சின்ன வயசில் சாய்ந்த மாதிரி, அக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"அங்க உனக்கு என்னதான்டி வேலை?" என்றாள் அகிலாண்டம். "முதல்லேருந்து சொல்லு. எனக்குப் புரியலேன்னா நிறுத்திக் கேப்பேன்."

சாவித்திரி நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். நாகப்பட்டினம் வருவதற்குள் அகிலாண்டம் ஏழு முறை நிறுத்திக் கேட்டுவிட்டாள்.