ஒன்றாம் நம்பர் மாதிரி

"யா அல்லாஹ்... எங்கட மனிசன அடிச்சுப் போட்டாங்களே!"

செரீபாவின் அலறல் பூண்டுலோயா கடைத்தெருவையே உலுக்கியது.

அவளுடைய கணவர் இப்றாஹிம் தன் கடை வாசலில் குப்புறக் கிடந்தார். தலைக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல். சுற்றிலும் ரத்தம்... உடைந்த போத்தல்கள்... சிந்திய பருப்பு...

கல்லெறிந்த பிரதாப் ஓடவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்தினான்.

"லயத்துக்குக் காய்ச்சலக் கொண்டு வந்தது இவருதான்! எங்க அக்காவே சொல்லிருச்சு!"

அக்கா பூரணி! தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழும்பில் வைரஸ் ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவள். தோட்டத்தில் அவள் பேச்சுக்கு அப்பீலே கிடையாது!

மூன்று நாள் கழித்து, காலை பத்து மணி.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பூரணி. மடியில் லேப்டாப். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் யோகேஸ்வரன். எதிரே செரீபா. வார்டுக்குள் இப்றாஹிம் இன்னும் நினைவில்லாமல் கிடந்தார்.

"நாப்பது பேரு படுத்துட்டாங்க. லயத்துக் காளியாயி அம்மா ஒட்சிசன்ல இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "இவரு பொழச்சு வந்தாலும் கடையத் தெறக்க விடமாட்டோம்னு தோட்டத்துல சொல்லிட்டாங்க. காய்ச்சல் யாருகிட்டருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமாமே?"

"முடியும் சேர். ஆளுக்கு ஆள் தாவும்போது வைரஸ் கொஞ்சங் கொஞ்சமா மாறும். இருபத்திமூணு பேரோட சளி மாதிரிய எடுத்து எங்க லேபுக்கு அனுப்பினேன். அவங்க வைரஸோட மரபணுவ வாசிச்சு, இணையத்துல இருக்குற பொதுக் களஞ்சியத்துல ஏத்திட்டாங்க. அங்க கம்ப்யூட்டரே எல்லாத்தையும் ஒப்பிட்டு, எது மொதல்ல வந்துச்சு, எது அதுலருந்து கிளம்பிச்சுன்னு ஒரு மரம் வரைஞ்சு குடுக்கும்."

"தொறங்க, பாப்போம்!"

தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது... நின்றது!

மரம் விரிந்தது. அடிமரத்தில் ஒரே ஒரு எண்.

ஒன்று!

இப்றாஹிமின் பதினெட்டாம் எண்ணோ உச்சாணிக் கிளையின் நுனியில் தொங்கியது. பாவம், மனுஷர் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

பூரணி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"இன்னும்... ரிசல்ட் வரல சேர்."

"அப்புடியா? எனக்கு மட்டும் விடியக்காலையே வந்துருச்சே!"

இன்ஸ்பெக்டர் தன் போனை நீட்டினார். அதே மரம்!

"உங்க லேபுலதான் லிங்க் அனுப்பினாங்க. பொதுக் களஞ்சியம்ல... பாஸ்வேர்டு கூடக் கேக்கலம்மா! பேரு போடல. ஆனா வயசு இருக்கு, தேதி இருக்கு. ஒண்ணாம் நம்பர், பொண்ணு, இருபத்தேழு வயசு. எடுத்தது தேர்த் திருவிழாவுக்கு மொத நாளு. அன்னைக்குத் தோட்டத்துல ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. கொழும்பு பஸ்ல வந்து எறங்குன உங்களத் தவிர!"

பூரணியின் கண்கள் தரையை விட்டு எழவில்லை.

"காய்ச்சலோடதான் சேர் வந்தேன். தேரு பாக்குற ஆசை. வீடு வீடா போயி பிஸ்கட் குடுத்தேன். என்னோடது வேற வைரஸா இருக்கும்னு நம்பித்தான் வந்த அன்னைக்கே எடுத்து வச்ச என் மாதிரியையும் சேத்து அனுப்பினேன். வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல எல்லாரும் நின்னு எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டப்ப... என் மூஞ்சியவே பாத்தாங்க. வாய் தவறி இல்ல சேர். வேணும்னுதான் கடையிலருந்துன்னு சொன்னேன்."

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கல்லை எறிந்தது தம்பியின் கை. எடுத்துக் கொடுத்தது அவள் வாய். அவன் இப்போது போலீஸ் கூட்டில் அடைபட்டிருந்தான்.

"ராத்தா..." செரீபாவின் பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்குத் தெரியும் மகள்."

"எ... என்னது?"

"வந்த அண்டைக்கே நடுங்கி நடுங்கி எங்கட கடையில பெனடோல் குளிசை வாங்கிட்டுப் போனீங்க தானே? கூட்டம் வந்த நேரம் நான் அதச் சொல்லப் போனன். எங்கட மனிசன்தான் என்ட வாயப் பொத்தினாங்க. 'லயத்துலருந்து ஒரு புள்ள படிச்சு மேல வந்தீக்கி, அதுட பேரக் கெடுக்காத'ண்டு..."

அடித்திருந்தால் கூட இப்படி வலித்திருக்காது! பூரணி முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சேர்... நாளைக்குக் காலைப் பெரட்டுல இந்த மரத்த நானே காட்டுறேன். ஒண்ணாம் நம்பர் நான்தான்னு என் வாயாலயே சொல்றேன்."

"கல்லு விழுந்தா?"

"விழட்டும் சேர்."

வார்டுக் கதவு படாரென்று திறந்தது. நர்ஸ்!

"கண்ண முழிச்சிட்டாரு! ஓடியாங்க!"

ஓடினார்கள். பூரணி கட்டிலின் கால்மாட்டில் தலைகுனிந்து நின்றாள். கட்டுப் போட்ட தலை மெல்லத் திரும்பியது. இப்றாஹிமின் காய்ந்த உதடுகள் அசைந்தன.

"என்ன மகள்... நம்மட பெனடோலுக்குக் காய்ச்சல் கேட்டிச்சா? இல்லாட்டி சொல்லுங்க... வேற மாத்தித் தாரன்!"