சொட்டுக்காகக் காத்திருந்த பாட்டு

மிளகாய்க்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு மூக்கு. அன்று இரண்டும் ஒன்றாகவே சிவந்துவிட்டன.

அவள் அம்மாவின் சலவைக் கடையில், தேய்த்து மாட்டிய சட்டைகளுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் அம்மாவின் போன். அதில் அவள் கண்டுபிடித்த பாட்டு இருந்தது. போட்டிருந்தது மட்டும் அவள் இல்லை.

போட்டவன் அவள் பெரியப்பா மகன். மாடி வீட்டில் இருக்கிறான். பதின்மூன்று வயது. எதைச் செய்தாலும் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அதனால் மிளகாய் அவனுக்கு வைத்த பெயர் தம்பட்டம்.

பாட்டுப் பிரியர்களுக்காக அவன் இணையத்தில் 'கேட்டீங்களா' என்று ஒரு குழு நடத்துகிறான். யாருக்கும் தெரியாத நல்ல பாட்டுகளைத் தேடிப் பிடித்து அங்கே பகிர்வார்கள். நல்ல பாட்டைக் கொண்டுவந்தவருக்கு ஏக மரியாதை.

'என் புதுக் கண்டுபிடிப்பு,' என்று எழுதியிருந்தான். 'இதுவரை யார் காதிலும் விழாத குரல். நன்றியை எனக்குச் சொல்லலாம்.'

"யார் காதிலும் விழாததா? அப்போ என் தலையில ரெண்டு பக்கமும் இருக்கிறது என்ன, கைப்பிடியா?" என்று மிளகாய் கத்தினாள்.

அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என்னடி ஆச்சு?"

"நான் கண்டுபிடிச்ச பாட்டும்மா. நேத்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். இன்னிக்கு அவனே கண்டுபிடிச்ச மாதிரி போட்டிருக்கான்."

"அண்ணனை அவன் இவன்னு பேசாதே."

"திருடினா அண்ணனா?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தப் பாட்டுக்காக எத்தனை சுமாரான பாட்டுகளைக் கேட்டுச் சலித்திருப்பாள் தெரியுமா? பாடியவர் யாரோ ஒரு அம்மா. முகம் தெரியாது. 'சொட்டுக்குழாய்' என்று தன் பக்கத்துக்குப் பெயர் வைத்திருந்தார். சமையலறையில் தனியாக உட்கார்ந்து பாடுவார். பின்னால் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் தாளம்.

பேருந்தில் மறந்துவிட்டுப் போன குடை ஒன்று பாடுவதுபோல அந்தப் பாட்டு இருக்கும். 'மறந்து இறங்கிப் போனவளே, மழை வருது, நனையாதே.' கடைசிச் சரணத்தில் ஒரு இடத்தில் சொட்டு தப்பிவிடும். அந்த அம்மா பாடாமல் காத்திருப்பார். சொட்டு விழும். அதன் பிறகுதான் அடுத்த வரியை எடுப்பார். அவர் சிரிப்பது குரலிலேயே தெரியும். அந்த இடத்தை மிளகாய் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள்.

விடுவாளா? நேராகப் பாட்டின் பக்கத்துக்கே போய் எழுதினாள். 'இதை முதலில் கண்டுபிடித்தது நான்.'

'ஆதாரம் இருக்கா?' என்று தம்பட்டம் பதில் போட்டான்.

'திருடன்.'

'பொறாமைக்காரி.'

குழுவில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். பொழுது சாய்வதற்குள் அந்த அம்மாவின் பக்கமே சந்தைக்கடை ஆகிவிட்டது. மிளகாய் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வேகத்தில் சட்டை வாங்க வந்த வாத்தியாருக்கு யாருடைய பாவாடையையோ மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து போனைத் திறந்தபோது, சொட்டுக்குழாய் அம்மாவே எழுதியிருந்தார்.

'இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று ஆசையாகப் படித்தேன். என் வீட்டு வாசலில் நின்று யாரோ யாரையோ திட்டுகிறார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாக இல்லை போலிருக்கிறது. நாளைக் காலை எடுத்துவிடுகிறேன்.'

மிளகாய் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "எல்லாம் அந்தத் தம்பட்டத்தாலதான்மா. எவ்வளவு அசிங்கமா எழுதியிருக்கான், பாரு," என்று அம்மாவிடம் காட்டினாள். காட்டக் காட்ட, அவள் தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருந்த சிவப்பு மிளகாய்ப் படம்தான் வந்துகொண்டே இருந்தது. கத்தியவர்களில் முதல் ஆள் அவள்தான். குடையைப் பற்றி அவளும் எழுதவில்லை. சொட்டைப் பற்றியும் எழுதவில்லை.

இப்போது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அது ரொம்ப மோசமான கோபம். கத்துவதற்கு எதிரில் ஆள் கிடைக்காது.

தான் எழுதியதை ஒவ்வொன்றாக அழித்தாள். 'முதலில் கண்டுபிடித்தது நான்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அது உண்மை. உண்மையை எதற்கு அழிக்க வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அழித்தாள்.

பிறகு எழுதினாள். 'கடைசிச் சரணத்தில் சொட்டு தப்பியதும் நீங்கள் காத்திருந்தீர்களே, எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.'

ஆனால் அத்தனை கூச்சலுக்கு நடுவே அது யார் கண்ணில் படும்? மிளகாய் மாடிப்படிகளில் தடதடவென்று ஏறினாள்.

"நீ எழுதினதை எல்லாம் அழி. உன் ஆளுங்களையும் அழிக்கச் சொல்லு. அவங்க பாட்டை எடுக்கப் போறாங்க."

"படிச்சேன்," என்றான் தம்பட்டம், அவள் முகத்தைப் பார்க்காமல். "அழிச்சா நான் தோத்த மாதிரி ஆயிடும்."

"சரி, நீயே கண்டுபிடிச்சதா வச்சுக்கோ." இதைச் சொல்வதற்குள் அவள் காது இரண்டும் சிவந்துவிட்டன. "ஆனா ஒண்ணு சொல்லு. சொட்டு எங்க தப்புது?"

"எந்தச் சொட்டு?"

"நீ முழுசா கேக்கவே இல்லையா?"

"முதல் சரணம் கேட்டேன். நல்லா இருந்துச்சு. போட்டுட்டேன்."

மிளகாய் தலையணையைத் தூக்கினாள். அவன் மண்டையைக் குறி பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுக் கீழே வைத்தாள். ஒரு இயர்போனை அவன் காதில் திணித்தாள், இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"நடுவுல வாயைத் திறந்தா கடிச்சிடுவேன்."

பாட்டு ஓடியது. கடைசிச் சரணத்தில் சொட்டு தப்பியது. தம்பட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். சொட்டு விழுந்தது. அவன் வாய் திறந்தது, கடி ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டது.

பாட்டு முடிந்த பிறகுதான் பேசினான். "அதுக்காகக் காத்திருக்காங்க."

"ஆமா."

"இதையா எடுக்கப் போறாங்க?"

"நம்மாலதான் எடுக்கப் போறாங்க."

அவன் தன்னுடையதை எல்லாம் அழித்தான். குழுவில் எழுதினான்: 'அந்தப் பக்கத்தில் போட்ட சண்டையை அழித்துவிடுங்கள். பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டு, எந்த இடம் பிடித்தது என்று மட்டும் அங்கே எழுதுங்கள்.' கொஞ்சம் யோசித்து, உம்மென்று இன்னொரு வரியும் சேர்த்தான்: 'கண்டுபிடித்தது என் தங்கை.'

"இதை அவங்க பக்கத்துல போடாதே. மறுபடி ஆரம்பிச்சிடும்," என்றாள் மிளகாய். "நம்ம குழுவுல இருக்கட்டும். பெரிய எழுத்துல போடு."

கொஞ்சம் கொஞ்சமாகச் சண்டை மறைந்தது. அந்த இடத்தில் வேறு வார்த்தைகள் வரத் தொடங்கின. ஒருவர், தொலைந்த குடையைத் தேடிப் பேருந்து நிலையத்துக்கே போய்விட்டு வந்ததாக எழுதினார். இன்னொருவர், 'எங்கள் வீட்டுக் குழாயும்தான் சொட்டுகிறது, ஆனால் அதற்குத் தாளம் போதாது,' என்றார்.

அன்றிரவு மிளகாய்க்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காலையில் பல்கூடத் தேய்க்காமல் போனைத் திறந்தாள். பாட்டு அங்கேயே இருந்தது. அதன் கீழே சொட்டுக்குழாய் அம்மா எழுதியிருந்தார்: 'எல்லாவற்றையும் படித்தேன். பாட்டு இருக்கட்டும். குழாயைச் சரிசெய்ய ஆளை வரச் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை புதுப் பாட்டு போடுகிறேன்.'

ஞாயிற்றுக்கிழமை தம்பட்டம் படிகளில் தாவி இறங்கிச் சலவைக் கடைக்கு ஓடி வந்தான்.

"புதுப் பாட்டு வந்தாச்சு. நான்தான் முதல்ல..."

மிளகாயின் காது சிவக்கத் தொடங்கியது. தம்பட்டம் வாயை மூடிக்கொண்டு, ஒரு இயர்போனை அந்தச் சிவந்த காதுக்கு நேரே நீட்டினான்.