நேராக நின்ற நான்கு திருகாணிகள்

காலை ஒன்பது மணி. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி வீட்டம்மாவின் இடுப்பில் இருந்தது. வேலைச் சாமான்கள் வைத்திருந்த அந்த அறைக்குள் டிரில் மெஷினை மட்டும் காணோம்.

"நேத்து சாயங்காலம் வேலையாளுங்க போனதும் நான்தான் பூட்டுனேன். சாவியை இவர்கிட்டகூடக் குடுக்கறதில்ல," என்று வீட்டம்மா கணவரைக் கண்ணால் காட்டினார். "பூட்டு தொங்கற இந்தக் கொண்டியைக் கதவுல மாட்டினது உங்க ஆப்பு. பூட்டைத் தொடாம திறக்கற வித்தை வேற யாருக்குத் தெரியும்? அந்த ஆளை அனுப்புங்க. இல்லைன்னா மொத்த வேலையையும் நிறுத்திடுங்க."

ஆப்பு என்பது தச்சரின் பட்டப்பெயர். ஆடுகிற எதையும் ஓர் ஆப்பு அடித்து நிறுத்திவிடுவார். இன்று அவருக்கே யாரோ ஆப்பு வைத்துவிட்டார்கள்.

வீட்டம்மா பேசியது வீடு புதுப்பிக்கும் கம்பெனியின் முதலாளி அம்மாவிடம். ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரசமட்டம். தரை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும், கருவியே இல்லாமல் வாசலில் நின்றபடி சொல்லிவிடுவார்.

ஆப்பு தன் உளிப்பையைத் தோளில் மாட்டினார். "நான் போயிடறேன்க்கா. என்னால உங்க பேரு கெட வேணாம்."

"பையைக் கீழ வை. இப்பப் போனா நீதான் திருடன்னு ஆயிடும்."

ரசமட்டம் கம்பெனி தொடங்கியபோது, யாரும் நம்பாத நேரத்தில், முதல் ஆளாக வந்து நின்றவர் ஆப்பு. அவரைத் திருட்டுப் பட்டத்தோடு அனுப்புவதற்குப் பதில் கம்பெனியையே மூடிவிடலாம்.

விசாரணை சமையலறையில் நடந்தது.

பெயிண்டரின் இரண்டு கையிலும் எப்போதும் ஈர வெள்ளை. அவர் தொட்டிருந்தால் கதவே காட்டிக்கொடுத்திருக்கும். ரசமட்டம் அவரை விட்டுவிட்டார்.

"நேத்து பூட்டினதுக்கப்புறம் எங்கேம்மா போனீங்க?"

"டெய்லர் கடைக்கு. வர ஒரு மணி நேரம் ஆச்சு. இவர் வீட்லதான் இருந்தாரு."

"யாராவது வந்தாங்களா சார்?"

"தெரியலைங்க. டிவியைக் கொஞ்சம் சத்தமா வெச்சிருந்தேன்," என்றார் வீட்டுக்காரர். பேசிக்கொண்டே, தட்டில் இருந்த தேநீர்க் கோப்பைகளின் காதுகளை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ரசமட்டம் எழுந்துபோய் அறைக்கதவின் முன் குந்தினார். கொண்டியைக் கதவோடு பிடித்திருந்த நான்கு திருகாணிகளையும் பார்த்தார். பிறகு ஆப்பு செய்த சமையலறை அலமாரியின் கீல்களைப் பார்த்தார். கடைசியாக, அலமாரிக்கு அளவெடுப்பதாகச் சொல்லிப் படுக்கையறைக்குள் போனார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு காலண்டர் தொங்கியது.

"எல்லாரும் இங்க வாங்க," என்று குரல் கொடுத்தார். "திருட்டே நடக்கல."

வந்தார்கள். வீட்டுக்காரர் கடைசியாக வந்தார்.

"பூட்டை யாரும் தொடலைம்மா. கொண்டியைக் கழட்டி, உள்ள போய், திரும்ப மாட்டியிருக்காங்க. ஸ்க்ரூ தலையில ஒரு கோடு இருக்கும். ஆப்பு முடுக்கினா அது பந்தி வாசல் செருப்பு மாதிரி, ஒண்ணு கிழக்கே பாக்கும், ஒண்ணு மேற்கே பாக்கும்."

"அக்கா!" என்றார் ஆப்பு. மானம் வந்த வழியே திரும்பிப் போனது.

"ஆனா அந்தக் கொண்டியில நாலும் அட்டென்ஷன்ல நிக்குது. கோப்பைக் காதைக்கூட கோணலா விடாத கைதான் அப்படி முடுக்கும். அந்தக் கை காலண்டரை முழங்கால் உயரத்துல மாட்டுமா சார்? எதையோ மறைக்கணும்னா மாட்டும்."

காலண்டரைத் தூக்கினார். பின்னால் மூன்று ஓட்டைகள், சுற்றிலும் உதிர்ந்த பூச்சு. கட்டிலுக்கடியில் போர்வைக்குள் மெஷின் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு சின்னப் பலகைதான்மா," என்றார் வீட்டுக்காரர் மனைவியிடம். "உன் மூக்குக்கண்ணாடி வைக்க. தினம் தரையில வெச்சுட்டுத் தூங்கற. ரெண்டு தடவை மிதிச்சு உடைச்சது நான்தானே? குழாய் ரிப்பேர்னு வீட்டை வெள்ளமாக்கினதுல இருந்து ஸ்பேனரைக்கூடத் தொட விடமாட்டேங்கற. நேத்து மெஷினை எடுத்ததும் கொண்டியை மாட்டிட்டேன், திரும்ப வைக்கறதுக்குள்ள நீ வந்துட்ட. காலையில நீ போட்ட சத்தத்துல வாயே வரல."

பிறகு ஆப்புவின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க தம்பி. உங்களைச் சொன்னப்பவாவது நான் பேசியிருக்கணும்."

"நானும்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்," என்றார் வீட்டம்மா.

ஆப்பு உளிப்பையைத் திறந்தார். மூன்று ஓட்டைகளிலும் மரத்துண்டைச் செதுக்கி ஆப்பு அடித்தார். மெஷினை எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"பலகை எங்க சார்? மாட்டுங்க."

பலகை ஏறியது. திருகாணிகள் நேராக நின்றன. பலகைதான் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எல்லோரும் ரசமட்டத்தின் வாயைப் பார்த்தார்கள்.

"நேராத்தான் இருக்கு," என்றார் ரசமட்டம். தொழிலில் அவர் சொன்ன முதல் பொய்.

வீட்டம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது மெல்லச் சறுக்கி, விளிம்புக்கு வந்து நின்றுவிட்டது.

"விழல," என்றார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அதையும் அதன் பக்கத்தில் வைத்தார்.